கண்மாய் யாருடையது? வைகைக் கடைமடையில் மண், நீர், மீன், மரம் ஆகியவற்றின் உரிமைக் கணக்கு

கோடை தொடங்கியதும் ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து இருவகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. கண்மாய்களில் விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் மண் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் அறிவிப்பு வெளியாகிறது. கண்மாயில் மண் அள்ளிய டிராக்டர்கள் பறிமுதல் செய்யப்பட்டன என்று மறுவாரமே செய்தி வருகிறது. தங்கள் முன்னோர் வெட்டிய கண்மாயிலிருந்து ஒரு வண்டி மண் எடுக்க வட்டாட்சியரின் அனுமதி ஏன் வேண்டும் என்று ஊரார் கேட்கின்றனர். கண்மாய் தூர்ந்து கிடக்கிறது என்று எல்லாரும் சொல்லும்போது மண்ணை எடுப்பவரை ஏன் பிடிக்கிறார்கள் என்று வெளியூரில் இருப்பவர்கள் குழம்புகின்றனர்.

சட்டத்தின் பார்வையில் கண்மாய் ஒரே சொத்தாக இல்லை. அதன் நிலம், நீர், மண், மீன், மரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதியும் தனித்தனி அலுவலகமும் உள்ளன. ஊரின் கையில் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை எப்படிப் பிரிந்தன என்பதை அறிந்தால், இந்தக் குழப்பங்களில் பெரும்பகுதி தெளிவாகும்.

கண்மாயின் உறுப்புகள்

வட மாவட்டங்களில் ஏரி எனப்படுவதும், பாண்டிய நாட்டுப் பகுதியில் கண்மாய் எனப்படுவதும் ஒன்றே. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, ஓடிவரும் நீரைத் தேக்கிவைத்து, கரைக்குக் கீழுள்ள வயல்களுக்குப் பாய்ச்சும் அமைப்பு அது. குடிநீருக்கான ஊருணி வேறு; அதிலிருந்து பாசனம் செய்வதில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிய வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நிலமோ தட்டையானது. மலையும் பள்ளத்தாக்கும் இல்லாததால் பெரிய அணைக்கு இடமில்லை. எனவே ஆழமற்ற, அகன்ற கண்மாய்களை அடுத்தடுத்து அமைப்பதே இங்கு இயன்ற வழியாக இருந்தது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று மக்கள் சொல்வதுண்டு. அதன் கரையின் நீளத்தையும் மடைகளின் எண்ணிக்கையையும் ஒருசேரச் சொல்லிவிடும் வழக்கு இது.

கண்மாய் பற்றிய எந்தச் செய்தியையும் புரிந்துகொள்ளப் பின்வரும் சொற்கள் தேவை.

1. வரத்துக்கால்: ஆற்றிலிருந்தோ மேலேயுள்ள கண்மாயிலிருந்தோ நீரைக் கொண்டுவரும் கால்வாய்.
2. உள்வாய்: கரைக்கு உட்புறம் நீர் பரவும் பகுதி. கண்மாய் நிறையும்போது மட்டும் இதன் ஓர விளிம்பு மூழ்கும். மற்றக் காலங்களில் வெறும் தரையாகக் கிடக்கும். ஆக்கிரமிப்புகள் பெரும்பாலும் இந்த விளிம்பில்தான் தொடங்குகின்றன.
3. மடை: கரையின் அடியில் நீரைத் திறந்துவிடும் வாய். பழைய கண்மாய்களில் கரையைவிட்டுச் சற்று உள்ளே கல்தூண்களுடன் நிற்கும் குமிழி மடைகளை இன்றும் காணலாம். நீர் வெளியேற நீரோடித் துளையும், அடியில் தேங்கும் சேறு வெளியேற சேறோடித் துளையும் என இரண்டு வழிகள் அவற்றில் இருந்தன. தூர் வாருவதில் ஒரு பகுதியைப் பாசன நீரே செய்யும்படி அமைத்த நுட்பம் இது.
4. கலுங்கு: கண்மாய் நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்தோடக் கல்லால் கட்டிய பகுதி. அங்கிருந்து நீர் செல்லும் மறுகால், அடுத்த கண்மாய்க்கு வரத்துக்காலாகிறது.
5. ஆயக்கட்டு: அந்தக் கண்மாயால் பாசனம் பெறும் உரிமையுள்ள நிலப்பரப்பு.

நான்காவதாகச் சொன்ன இணைப்பு முக்கியமானது. ஒரு கண்மாயின் கலுங்கை ஒரு முழம் உயர்த்தினால் உள்வாயை ஒட்டிய பட்டா நிலங்கள் மூழ்கும். கீழேயுள்ள கண்மாய்க்கு நீர் தாமதமாகும். கலுங்கை உடைத்துத் தாழ்த்தினால் அந்த ஊரின் ஆயக்கட்டு காயும். கலுங்கின் உயரம் ஊர்களுக்கிடையிலான உடன்படிக்கையாகவே மதிக்கப்பட்டது.

இந்தக் கண்மாய்த் தொடரின் பெரும்பகுதிக்குத் தலைவாய் வைகை. வைகையின் பூர்வீகப் பாசனம், அதாவது அணைக்கு முன்பிருந்தே பாசன உரிமையுள்ள நிலம், ஏறத்தாழ 1,36,000 ஏக்கர். அணையிலிருந்து அதற்காகத் திறக்கப்படும் நீரை ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3 பங்கு, மதுரைக்கு 2 பங்கு எனப் பிரிக்கும் முறை உள்ளது. 1959இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்தபின், ஆற்றில் இயல்பாக வரும் வெள்ளத்தைக் காட்டிலும் இந்தப் பங்கீட்டையே கடைமடைக் கண்மாய்கள் பெரிதும் நம்பியிருக்கின்றன.

பராமரிப்பு யார் பொறுப்பு

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, மேற்பட்ட கண்மாய்களும் ஆற்றுப்பாசனத்தோடு இணைந்தவையும் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன. இவற்றின் எண்ணிக்கை சுமார் 14,000. 2021இல் நீர்வளத்துறை தனித் துறையாக்கப்படும்வரை இவை பொதுப்பணித்துறையிடம் இருந்ததால், மக்கள் இன்றும் இவற்றைப் பொதுப்பணித்துறைக் கண்மாய் என்றே சொல்கின்றனர். அதற்குக் குறைந்த ஆயக்கட்டுடையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. ஊர்வழக்கில் இவை யூனியன் கண்மாய்கள்.

பராமரிப்புப் பொறுப்பு யாரிடம் இருந்தாலும் நிலத்தின் உரிமை அரசுக்கே உரியது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது கண்மாய்ப் புறம்போக்கு. எனவே எல்லையை அளந்து காட்டுவது வருவாய்த்துறையின் வேலையாகிறது. ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் உள்ளன. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து வந்தது இரண்டாவது சட்டம். ஆனால் அது பொதுப்பணித்துறைப் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்காகவே எழுதப்பட்டது. எண்ணிக்கையில் மிகுந்த யூனியன் கண்மாய்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. ஒரே ஊரின் பெரிய கண்மாயில் ஒரு நடைமுறையும் சிறிய கண்மாயில் வேறொரு நடைமுறையும் பின்பற்றப்படுவதற்கு இதுவே காரணம்.

இந்த நிலை எப்படி வந்தது

ஏரியைக் கவனிக்கத் தனிக்குழு வைக்கும் வழக்கம் மிகப் பழையது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைப் பதிவு செய்கின்றன. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் கதையில் 1803 திருப்புமுனை. அந்த ஆண்டு ஆங்கிலேயர் இவ்விரு பாளையங்களையும் நிரந்தரத் தீர்வை செலுத்தும் ஜமீன்களாக்கினர். கண்மாய் பராமரிப்பு ஜமீனின் கடமையாயிற்று. தீர்வைக்குப் பணம் திரட்டுவதே முதன்மையானபோது அந்தக் கடமை பின்னுக்குப் போயிற்று. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப்பின் கண்மாய்கள் அரசுக்கு வந்தன. சிறியவை பிற்பாடு ஊராட்சி ஒன்றியங்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

இந்த மாற்றங்களுக்கு இடையிலும் ஊரில் நீடித்தது குடிமராமத்து. பாசனம் பெறும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் வந்து வரத்துக்கால் வெட்டுவதும் கரைக்கு மண் போடுவதும் அதன் நடைமுறை. நீரை அளந்து பாய்ச்ச நீர்ப்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் அழைக்கப்பட்ட பணியாளர்கள் இருந்தனர். வெள்ளக்காலத்து இரவில் மடைக்குள் மூழ்கி அடைப்பைத் திறப்பது அவர்கள் வேலை. அறுவடையின்போது களத்தில் அளந்து கொடுக்கும் நெல்லே அவர்களுக்குக் கூலி.

இதை நினைவுகூரும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உயிரைப் பணயம் வைத்த அந்தப் பணி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள்மீது பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. மடையைத் திறந்தவருக்கு ஆயக்கட்டில் நிலம் இருந்தது அரிது.  குடிமராமத்தைச் சட்டமாக்கிய 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம் என்பதுதான். வழக்கப்படி உழைப்புத் தரத் தவறியவரிடம் அதைப் பணமாக வசூலிக்க அது வழிசெய்தது. பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்போர் இந்தப் பகுதியைப் படிக்காமல் கடந்துவிடக் கூடாது.

கடமையும் வருமானமும் பிரிந்த கதை

குடிமராமத்து வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்ததன்று. கண்மாயே தன் பராமரிப்புக்கு வருமானம் தந்தது. மீன், மரம், கரையோரப் புல், விறகு ஆகியவற்றின் ஏலத்தொகை ஊர்ப் பொதுப்பணமாயிற்று. அந்தப் பணத்திலிருந்தே நீர்ப்பாய்ச்சிக்குக் கூலியும், மடைப்பலகைக்குச் செலவும், கரைமேல் இருக்கும் அய்யனாருக்குப் பூசையும் நடந்தன. இன்று அந்த வருமானங்கள் எங்கே போகின்றன என்று பார்க்கலாம்.

1. மீன். கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை மீன்பாசிக் குத்தகை எனப்படும். கண்மாய் எந்த அமைப்பின் பொறுப்பில் உள்ளதோ அதற்கேற்ப அரசுத் துறைகளோ உள்ளாட்சியோ அதை ஏலம் விடுகின்றன. குத்தகைதாரருக்கு மீன் வளரும் வரை நீர் நிற்க வேண்டும். அல்லது மீன் பிடிக்க நீர் வேகமாக வடிய வேண்டும். ஆயக்கட்டுக்காரருக்கோ நெல்லுக்குத் தேவையான நாளில் நீர் வேண்டும். மடைத் திறப்பை ஒட்டிய தகராறுகளில் இந்த முரண் அடிக்கடி வெளிப்படுகிறது.

2. மரம். 1981இல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் பல கண்மாய்களின் உள்வாயில் நாட்டுக் கருவேலம் நடப்பட்டது. வெட்டும்போது கிடைக்கும் தொகை வனத்துறை, உள்ளாட்சி கணக்குகளுக்குப் போகிறது. யாரும் நடாமலே பரவிய சீமைக் கருவேலம் வேறு பிரச்சினை. வரத்துக்கால்களின் உட்புறத்தை அது அடைத்துக்கொண்டதால், மேலே மழை பெய்தும் கீழே கண்மாய் நிறையாத ஊர்கள் உள்ளன. அதே மரம் நிலமற்ற குடும்பங்களுக்குக் கரிமூட்டத் தொழிலாகவும் அடுப்பெரிக்கும் விறகாகவும் இருப்பதால், ஒரே உத்தரவில் அகற்றிவிடுவது சொல்வதுபோல் எளிதன்று.

3. மண். இது தனியே விளக்க வேண்டியது. அடுத்த பகுதியில் வருகிறது.

4. நீர். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, நிலத்தீர்வையோடு சேர்ந்தது.

ஆக, வருமானம் தரும் ஒவ்வொன்றும் ஊரின் கையைவிட்டுப் போன பிறகு, வரத்துக்கால் வெட்டும் கடமை மட்டும் ஊரிடம் எஞ்சியது. அதையும் ஊர் கைவிட்டதில் வியப்பில்லை. கிணறும் ஆழ்துளைக் கிணறும் வைத்திருந்த பெரிய நிலக்காரர்களுக்குக் கண்மாயை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. கூட்டம் கூட்டினால் வரக்கூடிய செல்வாக்குள்ளவர்கள் அவர்களே என்பதால், கூட்டமும் நின்றது. மக்கள் பொறுப்பற்றுப்போனார்கள் என்று சொல்லி முடித்துக்கொள்வது இந்த வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

இந்தப் பின்னணியில்தான் சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் மீன்பிடித் திருவிழாவைப் பார்க்க வேண்டும். கோடையில் நீர் வற்றும்போது, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசியதும், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஊத்தா, கச்சா, பரி, வலை ஆகிய மீன்பிடிக் கருவிகளுடன் கண்மாய்க்குள் இறங்குகின்றனர். கிடைத்த மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பதே வழக்கம். தொலைக்காட்சியில் கொண்டாட்டமாகத் தெரியும் இந்த நிகழ்வு, அந்தக் கண்மாயின் மீன் இன்னும் பொதுவில் உள்ளது என்ற அறிவிப்பும் ஆகும்.

வண்டல் மண்: விதியும் கணக்கும்

கண்மாய் மண் சட்டப்படி சிறு கனிமம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959இன் 12(2)ஆம் விதி, விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வீட்டுத் தேவைக்கும் வண்டல், களிமண் போன்றவற்றைக் கட்டணமின்றி எடுக்க இடமளிக்கிறது. மாவட்ட அரசிதழில் பட்டியலிடப்பட்ட கண்மாய்களில் மட்டுமே எடுக்க முடியும். முன்பு மாவட்ட ஆட்சியரிடம் இருந்த அனுமதி அதிகாரம் 2024இல் வட்டாட்சியருக்கு வழங்கப்பட்டது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், மண்பாண்டம் செய்வோருக்கு 60 கன மீட்டர் என வரம்பு உண்டு. விண்ணப்பிப்பவரின் வீடோ நிலமோ அதே வட்டத்தில் இருக்க வேண்டும். இப்படி எடுத்த மண்ணை விற்றாலோ செங்கல் சூளைக்கும் சாலை மேட்டுக்கும் கொடுத்தாலோ சலுகை பொருந்தாது, வாகனம் பறிமுதலாகும். முதலில் சொன்ன இரு செய்திகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுதான்.

இந்தச் சலுகையால் கண்மாய் தூர்வாரப்பட்டுவிடுமா? ஒரு எளிய கணக்குப் போடலாம். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் ஓர் அடி வண்டலை முழுவதும் எடுக்க வேண்டும் என்று கொள்வோம். அது 43,56,000 கன அடி, அதாவது ஏறத்தாழ 1,23,000 கன மீட்டர். டிராக்டர் நடை ஒன்றுக்கு 3 கன மீட்டர் என்றால் 41,000 நடைகள். அந்தக் கண்மாய்க்கு 150 ஏக்கர் நஞ்சை ஆயக்கட்டு இருந்து, எல்லா விவசாயிகளும் தங்கள் முழு அளவையும் எடுத்தாலும் 11,250 கன மீட்டர்தான் வெளியேறும். கண்மாயின் தரை சராசரியாக ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் தாழும்.

இதனால் வண்டல் எடுப்பது வீண் என்று பொருளன்று. வயலுக்கு அது சிறந்த எரு. மணற்பாங்கான புஞ்சையில் ஈரம் காக்கும். ஆண்டுதோறும் எடுத்த பழைய வழக்கத்தில் புதிதாகப் படிவது அவ்வப்போது வெளியேறிக்கொண்டிருந்தது. பல பத்தாண்டுகள் விட்டுவைத்ததை ஒரு கோடையில் சரிசெய்ய முயலும்போதுதான் பொக்லைன் எந்திரங்கள் வருகின்றன; தவறுகளும் வருகின்றன.

1. மடையின் வாய்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆடுமாடுகளுக்கும் நிலத்தடி நீருக்கும் அது பயன்படலாம். ஆயக்கட்டுக்குப் பயன் இல்லை. கண்மாயின் கொள்ளளவு உயர்ந்தது என்று அறிக்கையில் எழுதப்படுவதில் இந்த நீரும் சேர்ந்துவிடுகிறது.
2. கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் வெள்ளத்தில் கரை சரியும்.
3. நீண்ட காலமாகப் படிந்த களிமண் அடுக்கு, கண்மாயின் அடியை அடைத்து நீர் கசியாமல் காக்கிறது. அதைக் கிழித்து மணல் தட்டும்வரை தோண்டினால் நிறைந்த கண்மாய் விரைவில் வற்றும். உவர்நீர் மேலாகவே கிடைக்கும் கடலோர ராமநாதபுரத்தில் இது கூடுதலான ஆபத்து.
4. வரத்துக்கால் அடைபட்டிருக்கும்போது கண்மாயை ஆழப்படுத்துவதால் பயன் இல்லை. நீர் வந்து சேர்ந்த பிறகே கொள்ளளவு என்ற கேள்வி எழும்.

எனவே பணம் குறைவாக இருக்கும் ஊர், முதலில் வரத்துக்காலையும், அடுத்து மடை, கலுங்கு பழுதுகளையும், கடைசியாகவே உள்வாயையும் எடுத்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தப் பணியில் இந்த வரிசை தலைகீழாவதை எதிர்க்கும் உரிமை ஆயக்கட்டுதாரருக்கு உண்டு, எதிர்க்கவும் வேண்டும்.

மண்ணின் கணக்கில் மறக்கப்படுபவர்கள் மண்பாண்டத் தொழில் செய்யும் வேளார்கள். அய்யனார் கோயிலுக்கு மண்குதிரைகளைச் சுமந்து செல்லும் புரவி எடுப்பு விழாவுக்கு முன் ஊரார் பிடிமண் கொடுப்பது இந்தப் பகுதிகளின் வழக்கம். ஊர் மண்ணில் ஒரு பிடியை வேளாரிடம் கொடுத்தால், அவர் களிமண் குதிரைகளைச் செய்யத் தொடங்குகிறார். எந்தக் கண்மாயின் எந்த மூலையில் குதிரைக்கான களி இருக்கிறது என்பது அவர்கள் தலைமுறை அறிவு. அந்த மூலை பொக்லைனில் கலைந்துவிட்டால் 60 கன மீட்டர் அனுமதிச்சீட்டு இருந்தும் பயன் இல்லை.

புதிய குடிமராமத்து எதை மாற்றியது

2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம், தேர்தல்வழி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உருவாக்க வகைசெய்தது. 2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ₹100 கோடியில் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது, பணி மதிப்பில் 10 விழுக்காட்டை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று விதித்தது. பணிகளைச் சங்கங்கள்வழிச் செய்யவும் முனைந்தது. சங்கம் உயிரோடு இருந்த ஊரில் வேலை நன்றாக நடந்தது. பெயருக்குச் சங்கம் இருந்த ஊரில் ஒப்பந்ததாரரே அந்த 10 விழுக்காட்டையும் கணக்கில் காட்டிவிட முடிந்தது. மீன்பாசிக் குத்தகையிலோ மரத்திலோ சங்கத்துக்கு நிலையான பங்கு கிடைக்காதவரை, அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்கு அதன் கையில் பணம் இருக்காது. திட்டத்தில் விடுபட்டது இந்த இணைப்பே.

பறவைகள் வந்து சேர்ந்த கண்மாய்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. 2025இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. நான்கும் பறவைகள் காப்பகங்கள். நான்கும் மனிதர் வெட்டிய பாசனக் கண்மாய்கள். உள்வாயில் உள்ள கருவேல மரங்களில் கூழைக்கடாக்களும் நாரைகளும் கூடு கட்டுவதால், மரம் வெட்டுதல், மண் எடுத்தல், மீன் பிடித்தல் ஆகியவற்றுக்கு வனத்துறையின் கட்டுப்பாடு கூடுதலாக வருகிறது.

இது ஊருக்கு எதிரானதாக இருந்தே தீர வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பகுதியில், கண்மாயில் தங்கும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்தப் பட்டியலுக்காகவும் அவர்கள் அதைத் தொடங்கவில்லை. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதும் அவர்கள் அறிந்ததே. ஆனால் பட்டியலில் சேர்ந்த கண்மாய்களின் மேலாண்மைத் திட்டம் எழுதப்படும்போது, கூடு கட்டும் மாதங்களில் எவ்வளவு நீர் நிறுத்த வேண்டும், நெல்லுக்கு எவ்வளவு திறக்க வேண்டும், வண்டலை எந்த மாதம் எந்தப் பக்கம் எடுக்கலாம் என்பவற்றை ஆயக்கட்டுதாரர், மேய்ச்சல்காரர், வேளார் ஆகியோரிடம் கேட்டு எழுத வேண்டும். மரங்கள் நிற்கும் பகுதியை விட்டுவிட்டு எஞ்சிய உள்வாயில் பறவைகள் திரும்பிப்போன கோடையில் மண் எடுப்பதும், வரத்துக்காலை மழைக்கு முன் புரட்டாசிக்குள் வெட்டி முடிப்பதும் இரு தரப்புக்கும் ஒத்துவரக்கூடிய ஏற்பாடுகள்.